வெள்ளைச் சப்பாத்தும் ஒரு துண்டு வெண்கட்டியும்



சென்ற மாதம் என் மகன் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்தான். கூடவே அதைக் கழுவுவதற்கென்று ஒரு போத்தல் நுரைத் திரவமும் தூரிகையும். சிட்டையைப் பார்த்த கணக்காளனுக்குத் தலை சுற்றியது. "ஒரு துண்டு வெண்கட்டி காணுமே" என்றேன். "வெண்கட்டி எண்டால் என்னப்பா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இம்மாத உரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சப்பாத்து தமிழ்ச் சொல் அல்ல, போர்த்துக்கேயச் சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்கள் போய்விட்டார்கள். சொல் மட்டும் எங்கள் காலோடு தங்கிவிட்டது. அதேபோல 1894இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் நகரில் தொடங்கிய பாட்டா நிறுவனத்தின் பெயர், ஊரில் இறப்பர்ச் செருப்புக்கே பெயராகிவிட்டது. எந்த நிறுவனம் செய்தாலும் அது எங்களுக்குப் "பாட்டா"தான்.

துணி மேலும் இறப்பர் அடியும் கொண்ட சப்பாத்து 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவியது. இங்கே எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் "பிளிம்சோல்" அதுதான். கப்பல்களில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றி மாலுமிகளைச் சாகவிடுவதை எதிர்த்துப் போராடியவர் சாமுவேல் பிளிம்சோல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். 1876இல் வந்த சட்டம் கப்பலின் பக்கத்தில் பாரக் கோடு இடுவதைக் கட்டாயமாக்கியது. சப்பாத்தைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டி அந்தக் கோட்டைப் போல இருந்ததால் அவர் பெயர் வந்தது என்பார்கள்.

வெள்ளை நிறம் இராணுவத்தாலும் விளையாட்டாலும் வந்தது. பிரித்தானியப் படைவீரர் தங்கள் இடுப்புவார்களுக்கு வெள்ளைக் களிமண் பூசினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷெஃபீல்ட் நகரில் "பிளாங்கோ" என்ற கட்டி விற்பனைக்கு வந்தது. நனைத்துத் தேய்த்தால் போதும். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் எங்களுக்கு அந்த ஊர் ரெனிஸ் திடலும் தெரியும். அங்கே 2013இல் ரொஜர் ஃபெடரர் செம்மஞ்சள் அடி கொண்ட சப்பாத்து அணிந்து விளையாடியபோது, மறுபடி அணிய வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டு விதி இன்னும் இறுகியது.

எங்கள் ஊருக்குப் பிளாங்கோ எட்டவில்லை. எங்களுக்கு வெண்கட்டி இருந்தது. ஞாயிறு மாலை அம்மா சப்பாத்தைத் தோய்த்து, சவர்க்காரம் போகும்வரை அலசி, கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டு, நிழலில் காயவைப்பார். சவர்க்காரம் துணியில் மிஞ்சினால் வெயிலில் மஞ்சள் பாரிக்கும். நீலம் அந்த மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும். ஈரம் முழுதும் போகுமுன் நான் வெண்கட்டியைத் தேய்ப்பேன். வெண்கட்டி அழுக்கைப் போக்குவதில்லை, மூடுகிறது. ஒரு மழை பெய்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்படி ஒரு மழை நாளைச் சொல்ல வேண்டும். 1986இல் நான் மாணவத் தலைவன். திங்கட்கிழமை வரிசையில் சப்பாத்துப் பார்ப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் சப்பாத்து நனைந்து சாம்பல் நிறமாயிருந்தது. பெயரை எழுதினேன். அவனை வெளியே நிறுத்தினார்கள். இரண்டாம் முறையும் எழுதினேன். பிறகு அவன் வரவில்லை. வீட்டில் அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே சோடிதான் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கொப்பியில் என் எழுத்து அழகாக இருந்தது என்று ஆசிரியர் பாராட்டியதும் நினைவிருக்கிறது.

நான்கு ஆண்டுகளில் என் முறை வந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டு, வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தபோது சவர்க்காரமும் அரிதாகிவிட்டது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பும். பல்கலைக்கழகத்துக்கு நானும் மங்கிய வெள்ளையில்தான் போனேன். யாரும் என் பெயரை எழுதவில்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

இதை மகனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவர் இப்ப எங்கை அப்பா?" என்றான். தெரியாது. கனடாவிலோ, ஊரிலோ, அல்லது எங்குமே இல்லாமலோ. இந்த வானொலியைக் கேட்பவராகவும் இருக்கலாம். அப்படியானால், தம்பி, அந்தக் கொப்பியில் எழுதியவன் நான்தான். என்னை மன்னித்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: சேறு காய்ந்தபின் தட்டிவிடுங்கள், நாடாவைக் கழற்றித் தனியாகத் தோய்யுங்கள், நன்றாக அலசி நிழலில் காயவிடுங்கள். பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்க்க வேண்டாம்.