விச்சிற்றா வழக்கும் மனச்சான்றின் எல்லையும்

1973 ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஏற்றது. 2022 வரை நிலைத்த அத்தீர்ப்பு விவாதத்தை முடிக்கவில்லை. அதனை மருத்துவ நிலையங்களின் வாயிலுக்குக் கொணர்ந்தது. கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில், கருவளர்ச்சியின் பிற்பகுதியிலும் கருக்கலைப்புச் செய்த மிகச் சிலருள் ஒருவர் வைத்தியர் ஜோர்ஜ் ரில்லர். 1986 இல் அவருடைய நிலையத்திற் குண்டு வெடித்தது. 1993 இல் இரு கைகளிலும் சுடப்பட்டார். மறுநாளே பணிக்குத் திரும்பினார்.

கருவும் உயிரே என்போரின் அறக்கவலையை எள்ளி ஒதுக்குதல் தகாது. அவர்களுக்குச் சட்டவழியும் திறந்தேயிருந்தது. பிற்பகுதிக் கருக்கலைப்புக்கு இரண்டாம் வைத்தியர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அவ்வைத்தியர் ரில்லரோடு பணத்தொடர்பு உடையவர் என 19 குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2009 மார்ச்சில் யூரர் அவரை விடுதலை செய்தனர். மே 31, ஞாயிறன்று, தேவாலயத்தில் வழிபாட்டுக்கு வந்தோரை வரவேற்கும் பணியில் இருந்தவரை ஒருவன் சுட்டுக் கொன்றான்.

பிறவாக் குழந்தைகளைக் காக்கவே சுட்டதாகக் கூறிய அவன், தன் செயலைக் கொலைக்குற்றமாகாத ஆட்கொலையாகக் கொள்ள வேண்டினான். அவனது நம்பிக்கையைச் சாட்சியமாகக் கேட்க இடமளித்த நீதிபதி, அவ்வாதத்தை யூரரின் தீர்மானத்துக்கு விட மறுத்தார். சட்டம் அனுமதித்த தொழிலைத் தடுக்க உயிர்பறித்தல் தற்காப்பாகாது. அன்றியும், தேவாலயத்தில் அக்கணம் எவ்வுயிருக்கும் ஆபத்து நேரவிருக்கவில்லை. 2010 ஜனவரியில் 37 நிமிடங்களிற் கொலைத் தீர்ப்பு வந்தது.

ஆயினும், வழக்குகளால் இயலாததைத் துப்பாக்கி முன்னரே சாதித்திருந்தது. ரில்லர் இறந்த சில நாட்களில் நிலையம் மூடப்பட்டது. 2013 இல் அதே கட்டடத்தில் வேறொரு நிலையம் திறக்கப்பட்டபோது, பிற்பகுதிக் கருக்கலைப்பு அதன் பணிகளுள் இடம்பெறவில்லை.