நந்தனார் மெட்டுப் பகடிகள்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யிலுள்ள மெட்டுகளிலோ கதைப்போக்கிலோ வேறு பொருளை ஏற்றிப் பாடிய பாட்டுகள். மூலநூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் இதில், தில்லை நடராசரைக் காண ஏங்கும் பண்ணையாளான நந்தனின் ஆண்டையாக வருகிறார். சிதம்பரம் போக விடை கேட்கும் பண்ணையாள், விடாத ஆண்டை என்ற இந்த இணையே பின்வந்த பகடிகளுக்கு முதல் கொடுத்தது. கதையைப் பாட்டும் பேச்சுமாக நிகழ்த்தும் கதாகாலட்சேபக்காரர்கள் இம்மெட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். அந்த நூற்றாண்டிலேயே கேலிப்பாட்டுகள் வாய்மொழியாக உலவியிருக்கக்கூடும்.

தெளிவான சான்றுகள் சுப்பிரமணிய பாரதியிடம் தொடங்குகின்றன. காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என 1907இல் சூரத்தில் பிளந்த காலத்தை ஒட்டியவை இவை. நந்தனைக் கண்டிக்கும் ஒரு பாட்டின் மெட்டில் மிதவாதத் தலைவர் மேத்தா, தீவிரவாதத் தலைவர் திலகரைக் கண்டிக்கிறார். ஜாதிக்கு அடுக்காத ஆசை என்று நந்தனுக்குச் சொல்லப்பட்டது, திலகரின் அரசியலுக்குச் சொல்லப்படுகிறது. நந்தனின் போக்கைக் கண்டு சேரியார் திகைக்கும் மெட்டு, நிதானக் கட்சியாரின், அதாவது மிதவாதிகளின், புலம்பலாகிறது. பம்பாயின் பெரிய வக்கீலான மேத்தா, சேரிப் பெரியவரின் குரலில் பேசுவதைக் கேட்டு அன்றைய வாசகர்கள் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. இன்னொரு மிதவாதத் தலைவரான கோகலேயைக் கேலி செய்ய வள்ளலாரின் பாட்டையும் பாரதி திரித்துப் பாடினார். 'பாரத தேவியின் அடிமை', 'சுதந்திரப் பெருமை' ஆகியவையும் நந்தன் சரித்திர மெட்டுகளில் அமைந்தவையே. ஆனால் அவற்றில் கேலி இல்லாததால் பகடியில் சேர்ப்பதா என்பது கருத்துவேறுபாட்டுக்குரியது.

கே.பி. சுந்தராம்பாள் (1935), தண்டபாணி தேசிகர் (1942) நடித்த படங்கள் நந்தன் கதையைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தன.

பகடியும் திரைக்கு வந்தது: 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் பாகவதர் கோலத்தில் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். படத்தின் வசனம் சி.என். அண்ணாதுரையுடையது, பாட்டுகள் பொதுவாக உடுமலை நாராயணகவியின் பெயரில் வழங்குகின்றன, என்.எஸ்.கே.யின் பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம். நந்தனுக்குச் சிதம்பரம் என்றால் இக்கதையின் நாயகன் கிந்தனுக்குப் பட்டணம். ரயிலேறிப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான்; அன்று அவனை அடித்த வாத்தியார் இன்று அவன் முன் நிற்க வேண்டியிருக்கிறது. என்.எஸ்.கே. ரயிலைக் குரலாலேயே ஓட்டிக் காட்டும் இடம் தனியே குறிக்கத்தக்கது. கிந்தனார் காலட்சேபம் நந்தனாரைக் கேலி செய்கிறதா, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. பக்தியைவிடக் காலட்சேப மரபே கேலிக்கு உள்ளானது என்பாரும் உண்டு.

கதாகாலட்சேபம் அருகிய பின் பகடிக்காரர்கள் திரைப்பாட்டு மெட்டுகளுக்கு மாறினர்; தேர்தல் மேடைப் பாட்டுகள் இதற்குச் சான்று. கிந்தனார் காட்சி மட்டும் படத்திலிருந்து பிரிந்து இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது.