மணல் போன ஊரும் மணல் உள்ள ஊரும்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம். தெற்கே, அடையாறு முகத்துவாரம் தாண்டி பெசன்ட் நகர். இரண்டிலும் கடல் உண்டு, மீனவர் உண்டு, பேர்பெற்ற சர்ச் உண்டு. ஆனாலும் ஒன்றில் வளர்ந்தவருக்கு மற்றது வெளியூர். ஏன் என்று மணலைக் கேட்டால் தெரியும்.

இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள்; ராயபுரத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான். அவரும் மீனவர்தான். 1829-இல் அவருக்கு ராயபுரத்தில் ஆலயம் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். துறைமுகம் இல்லாத அந்த நாளில் கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும்; ஆளையும் சரக்கையும் மசூலா படகுதான் கரை சேர்க்கும். அதில் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெகிழ்ந்துகொடுத்துக் கரையேறும். 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியதும் ராயபுரத்திலிருந்துதான்.

பெசன்ட் நகரின் பெயர் குடியிருந்தவர்கள் வைத்ததல்ல. பிரம்மஞான சபை 1882-இல் அடையாற்றுக்கு வந்தது. பின்னாளில் அதன் தலைவரான அன்னி பெசன்ட் பெயரில் நகர் எழுந்தது. இங்குள்ள ஊரூர் குப்பம் அந்த நகருக்கும் மூத்தது. பக்கத்துக் குப்பத்துக்கோ சபையை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்கக் கர்னல் ஆல்காட்டின் பெயர்! ராயபுரத்தில் படகுக்காரர் கோயிலைச் சுற்றி ஊர் வளர்ந்தது. இங்கே குப்பத்தை ஓரமாக வைத்து நகர் வளர்ந்தது.

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் விழுந்தது. கரையோரமாக வடக்கே நகரும் மணலை அதன் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கடல் ஊரை அரித்தது. ராயபுரத்துக்கு மசூலா வேலையும் போயிற்று, மணலும் போயிற்று. இன்று அங்கே கரை என்றால் கருங்கல் குவியல்.

ஆனால் மீன்பிடி தொழில் போகவில்லை. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுக்கு மணல் வேண்டாம், தளம் போதும். விடியுமுன்னே வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாக ஏலம் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அப்போதும் ஊரூர் குப்பத்து ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய் வரும். அவை ஏறி நிற்க மணல் வேண்டும். வலையை விரித்துச் சிக்கெடுக்கவும் கருவாடு காயவும் அதே மணல்தான்.

பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவருக்கும், ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் அங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவருக்கும் வேண்டியதும் அந்த மணலே. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கர்நாடக இசையைக் குப்பத்துக்கே கொண்டுவந்தபோது, நகர்க்காரர் பலர் அந்தத் தெருக்களில் முதன்முறையாக நடந்திருப்பார்கள்.

ராயபுரத்தில் கரை யாருக்கு என்ற வழக்கே இல்லை. அதைக் கடல் எடுத்துக்கொண்டது. பெசன்ட் நகரில் அந்த வழக்கு சாயங்காலந்தோறும் நடக்கிறது: விரித்த வலையைச் சுற்றிப் போகிறவர் சிலர், மிதித்துப் போகிறவர் பலர்.