அகுமாவை என்ன செய்வது?

சண்டை கேம் ஆடுகிற இடங்களில் ‘சீப்’ என்றொரு சொல் அடிக்கடி காதில் விழும். “மூலையில தள்ளிட்டு அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறான், சீப் லா!” பெரும்பாலும் தோற்றவர் வாயிலிருந்துதான் வரும். நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பது. இன்னொன்று, இதற்கு யாரிடமும் பதில் கிடையாது என்பது. முதலாவதைப் பயிற்சி தீர்த்துவிடும். இரண்டாவதை என்ன செய்வது என்றுதான் சண்டை கேம் உலகம் முப்பது வருடங்களாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றை அகுமா என்ற பாத்திரத்தை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம்.

1991-ல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வெளியிட்டது. எட்டுப் பாத்திரங்கள், எட்டும் எட்டு விதம். ஒருவனுக்குக் கை நீளும், ஒருத்திக்கு வேகம் அதிகம், இன்னொருவன் பிடித்தால் விடமாட்டான். எட்டையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் சமநிலை சுலபம்தான். ஆனால் அதை யார் காசு போட்டு ஆடுவார்கள்? வித்தியாசம் இருந்தால்தான் சுவை. வித்தியாசம் இருந்தால் யாரோ ஒருவர் மற்றவர்களைவிட ஓங்கித்தான் நிற்பார். அதைத் திருத்த இன்றுபோல் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் பேட்ச் அப்போது கிடையாது. ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும். ஆகவே காப்காம் திருத்தங்களைப் புதிய பதிப்புகளாக விற்றது. 1994-க்குள் ஐந்து பதிப்புகள் வந்துவிட்டன. ஐந்தாவதன் பெயர் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ.

அதற்குள் ஒளிந்திருந்தான் அகுமா. ஜப்பானில் அவன் பெயர் கோகி. தேர்வுப் பட்டியலில் அவன் முகம் இருக்காது. ரியூ, டி. ஹாக், கைல், கேமி, மறுபடியும் ரியூ என்று கர்சரை வரிசையாக நிறுத்தி, பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் வருவான். ரியூவின் வித்தைகள் அவனுக்கும் தெரியும். கூடவே, குதித்தபடி வானத்திலிருந்து சாய்வாக ஹடோகென் எறிவான்.

இந்த ஒன்றுதான் ஆட்டத்தை உடைத்தது. தரையில் நின்று ஹடோகென் எறிபவர் ஒரு விலை கொடுக்கிறார். அவர் கை நீட்டியிருக்கும் அந்தக் கணத்தில் எதிராளி பந்தைத் தாண்டிக் குதித்து வந்து அடித்துவிடலாம். எறியலாமா வேண்டாமா, குதிக்கலாமா வேண்டாமா என்கிற அந்தத் தயக்கத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. அகுமாவின் பந்துக்கு அந்த விலை இல்லை. கீழே நிற்பவர் தடுத்துத் தடுத்தே மூலைக்குப் போய்ச் சேர்வார். அங்கேயும் அடுத்த பந்து வந்துவிடும். பெரும்பாலான பாத்திரங்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

நிறுவனம் வந்து காப்பாற்றவில்லை. ஆட்டக்காரர்களே முடிவெடுத்தார்கள். அமெரிக்கப் போட்டிகளில் அகுமா கூடாது என்று விதியாகவே எழுதினார்கள். ஜப்பானில் பொதுவாக அப்படி எழுதி வைக்கவில்லை. அவரவரே அவனைத் தொடாமல் விட்டார்கள். அங்கே சட்டம் செய்ததை இங்கே நாகரிகம் செய்தது.

போட்டி ஆட்டக்காரரும் கேம் வடிவமைப்பாளருமான டேவிட் சர்லின், தன் ‘ப்ளேயிங் டு வின்’ நூலில் தடைக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறார். தடை செய்யும் விஷயத்துக்குத் தெளிவான எல்லை இருக்க வேண்டும். மீறினால் கண்டுபிடிக்க முடிய வேண்டும். தடை உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம்முடைய ‘சீப்’ புகார்களில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும். அகுமா மூன்றிலும் மாட்டிக்கொள்கிறான். 2008-ல் வந்த எச்டி ரீமிக்ஸ் பதிப்பின் சமநிலையைத் திருத்தியவரும் இதே சர்லின்தான். அதிலும் போட்டிகளில் அகுமாவுக்குத் தடை தொடர்ந்தது. பலத்தை எண்களாக மாற்றி அளவு பார்ப்பது எவ்வளவு வழுக்கும் வேலை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

தடை செய்யாமல் வாழ்ந்து பார்த்த கதையும் உண்டு. 1999-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக்கில் சுன்-லி மிகப் பலசாலி. குனிந்து உதைக்கும் ஓர் உதை பட்டால் போதும், அங்கிருந்தே அவளது சூப்பர் தாக்குதலுக்குப் போய்விடலாம். அவளை யாரும் விலக்கி வைக்கவில்லை. காரணம், அந்த கேமில் ‘பேரி’ இருந்தது. அடி வந்து விழும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளி பக்கமாகத் தட்டினால் அடி செல்லாது. 2004 எவோ போட்டியில் ஜஸ்டின் வோங்கின் சுன்-லியிடம் டைகோ உமெஹாராவின் கென் மாட்டிக்கொண்டான். கென்னின் உயிர்க்கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. தடுத்தாலும் கொஞ்சம் உயிர் போகும், ஆகவே தடுத்தாலும் சாவு. வோங் சூப்பர் தாக்குதலை விட்டார். 15 அடிகள். டைகோ பதினைந்தையும் பேரி செய்து, திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். கென்னும் லேசான ஆள் இல்லை; அந்தப் போட்டியின் பட்டமும் கடைசியில் டைகோவுக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் சுன்-லியை அன்று தடை செய்திருந்தால் இன்றும் மக்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற அந்தச் சில நொடிகள் இருந்திருக்காது. பதில் அசாத்தியக் கஷ்டமாக இருக்கலாம். இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அகுமாவுக்கு மூன்றாவது ஒரு வழி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வரிசையில் கிடைத்தது. ரியூவின் உயிர் 1000 என்றால் அகுமாவுக்கு 850. வானத்து ஹடோகென் அப்படியே இருந்தது. ஆனால் தப்பு செய்தால் சீக்கிரம் சாவான். 1994-ல் அவன் கொடுக்காத விலையை இங்கே உயிர்க்கோட்டில் வசூலித்தார்கள். அதனால் போட்டிக்குள் வர முடிந்தது. 2013 எவோ இறுதிச் சுற்றில் டோகிடோவின் அகுமாவை எதிர்த்து நின்றவர் சிங்கப்பூரின் சியான். அவருடைய பாத்திரம் ஜென் என்கிற கிழவன். இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறி ஆட வேண்டிய, அதிகம் பேர் தொடாத பாத்திரம். சியான் ஜெயித்தார். நம் பக்கத்து ஆள் என்கிற பெருமை எனக்கு உண்டு. அதைவிட, அகுமா உள்ளே இருந்தும் இந்த முடிவு சாத்தியமானது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது திருத்துவது சுலபமாகிவிட்டது. 2019 டிசம்பரில் டெக்கன் 7-க்கு லீராய் ஸ்மித் வந்தான். காசு கொடுத்து வாங்கும் பாத்திரம். அடுத்த மாதமே எவோ ஜப்பானின் கடைசி எட்டுப் பேரில் பெரும்பாலோர் லீராயோடு வந்து உட்கார்ந்தார்கள். தாய்லாந்தின் புக் லீராயை வைத்தே பட்டம் வென்றார். அடுத்து வந்த திருத்தங்களில் பாண்டாய் நாம்கோ அவன் பலத்தைக் குறைத்தது. சில அடிகளின் சேதம், ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கான ஃபிரேம்களின் கணக்கு, இவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஒருவர் ராத்திரி பகலாகப் பழகிய ஆட்டம் அதில் மாறிவிடும். பரிசுப் பணத்தை நம்பி ஆடுகிறவருக்கு அது பிழைப்பு.

பேட்ச் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். லீராய் அப்படியே இருந்திருந்தால் பார்க்கவே சலித்திருக்கும். என் கவலை வேறு. பாத்திரத்தை விற்கிறவரும் அதன் பலத்தை அளக்கிறவரும் ஒருவரே. முதலில் பலமாக விற்றுவிட்டுப் பிறகு குறைக்கிறார்கள் என்ற சந்தேகம் ஆட்டக்காரர்களிடம் இருப்பதில் ஆச்சரியமில்லை. திருத்தம் எப்படியும் வரும் என்று தெரிந்துவிட்டால் பதில் தேடுகிற பொறுமையும் குறைந்துபோகிறது. ‘சீப் லா’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். டர்போ காலத்து ஆட்டக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. எதற்குப் பதில் உண்டு, எதற்கு இல்லை என்று அவர்களே ஆடிப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. டர்போ இன்றும் ஆடப்படுகிறது. அகுமாவும் உள்ளேதான் இருக்கிறான். கர்சரை எங்கெங்கே நிறுத்தினால் வருவான் என்று எல்லாருக்கும் தெரியும். போட்டியில் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை.