தூண்டிற்கோலின் வளையங்கள்

பெரும்பொருள்களுக்கு வரலாறு எழுதுவோர் பலர். சிறுபொருள்களுக்கு எழுதுவோர் அரியர். தூண்டிற்கோலின்மேல் வரிசையாக நின்று, கயிற்றைக் கைப்பிடியிலிருந்து நுனிவரை வழிநடத்தும் வளையங்கள் அத்தகைய சிறுபொருள்கள். அவை எவ்வாறு தோன்றின, அவற்றுக்குரிய இடத்தை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்று ஆராயின், ஒரு கைத்தொழிலின் நெடிய பட்டறிவு புலனாகும்.

தொடக்கத்தில் வளையமே இல்லை. கயிறு கோலின் நுனியிலேயே கட்டப்பட்டது. குறுந்தொகையின் 54ஆம் பாடலில், காட்டு யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் நிமிர்ந்தெழுவதற்கு, மீனைக் கவர்ந்து மேலெழும் தூண்டில் உவமையாயிற்று. அவ்வுவமையின் சிறப்பால் அதனைப் பாடிய புலவர் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் பெற்றார். வளைதலும் நிமிர்தலுமே தூண்டிற்கோலின் உயிர் என்பதைச் சங்கச் சான்றோர் அன்றே கண்டிருந்தனர்.

இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூலும் நுனியிற் கட்டிய கயிற்றையே கூறுகிறது. இம்முறையில் ஒரு குறை உண்டு. பெருமீன் இழுத்தோடும்பொழுது விட்டுக்கொடுக்கக் கயிறு இராது. கயிறு அறும், அல்லது கோல் ஒடியும். அதனாலன்றோ, பெருமீன் சிக்கினால் கோலையே நீரில் எறிந்துவிடும் வழக்கத்தை ஐசக் வால்டன், 1653இல் முதன்முதல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார்! கோல்நுனியிற் கம்பி வளையம் பொருத்தி, அதனூடே கயிற்றை ஓடவிடும் புதுமுறையும் அந்நூலில் இடம்பெற்றது. மிகுதிக் கயிற்றைச் சுற்றிவைக்க உருளையும் வந்து சேர்ந்தது. சீனத்திலோ இவ்வுருளை மிகப் பழையது. சோங் அரசமரபின் காலத்து ஓவியர் மா யுவான், ஏறக்குறைய 1195இல் தீட்டிய ஓவியத்தில், தனித்த படகில் அமர்ந்த மீன்பிடிப்போனின் கோலில் உருளை காணப்படுகிறது.

நுனியில் மட்டும் வளையம் இருப்பின் நேர்வது யாது? மீன் இழுக்கக் கோல் வில்லாக வளையும். கயிறு நாணைப்போல அதனைவிட்டு விலகி நிற்கும். சுமை முழுதும் நுனியிலேயே தங்கும். கோலின் நெடுகிலும் வளையங்கள் அமைந்தால் கயிறு வளைவைத் தழுவிச் செல்லும்; சுமையும் கோல் முழுதும் பகிர்ந்தளிக்கப்படும். பகிர்ந்த சுமை எளிது என்னும் உண்மை கோலுக்கும் பொருந்தும்.

முற்கால வளையங்கள் நிலைத்து நில்லாமல் கோலின்மேல் தளர்ந்து ஆடின. ஈரக் கயிறு அவற்றில் ஒட்டித் தடைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நிமிர்ந்த வளையங்களும் பாம்புபோல் நெளிந்த கம்பி வளையங்களும் வழக்கிற்கு வந்தன. கயிறு உராய்ந்து உலோகத்தில் பள்ளம் விழாதிருக்க, உள்ளே அகேட் கல் பதித்தோரும் உண்டு. 1970களில் சப்பானியர் பரப்பிய பீங்கான் வளையங்கள் அக்கல்லின் பணியை ஏற்றன.

1905இல் பிராட்போர்டு நகரத்து ஆலையதிபர் ஆல்பிரட் இல்லிங்வொர்த், சுழலாது நிற்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையின் நூற்கண்டே அதற்கு வழிகாட்டி என்பர். அவ்வுருளையிலிருந்து கயிறு நேராக வாராது, சுருள்சுருளாகப் பாயும். ஆகவே முதல் வளையம் பெரிதாகவும் உருளையிலிருந்து விலகியும் நின்று சுருளை அடக்க வேண்டும். அடுத்தவை படிப்படியாகச் சிறுக்க வேண்டும்.

வளையங்கள் எத்தனை? கோலின் நீளம் எத்தனை அடியோ, அதனினும் ஒன்று கூடுதல் என்பது தொழிலாளர் வாய்பாடு; 7 அடிக் கோலுக்கு 8. மிகுந்தால் எடை கூடிக் கோல் மந்தமாகும். குறைந்தால் கயிறு வளையத்துக்கு வளையம் கூர்ங்கோணமாக முறியும். நுனி மிகுதியாக வளைவதால், நுனியை நெருங்க நெருங்க இடைவெளியும் குறுகும்.

ஆயினும், ஒரு கோல் வளைவதுபோல் மற்றொரு கோல் வளையாது. ஆகவே தேர்ந்த தொழிலாளி, அட்டவணைப்படி வளையங்களை முதலில் ஒட்டுநாடாவால் தற்காலிகமாக நிறுத்துவான். கயிற்றை அவற்றினூடே செலுத்தி, நுனியில் எடை தொங்கவிட்டுக் கோலை வளைப்பான். பக்கத்தே நின்று நோக்குவான். கயிறு வளைவைவிட்டு எங்கே விலகுகிறதோ, உருளை மேற்புறம் அமைந்த கோலாயின் கயிறு எங்கே கோலைத் தொடுகிறதோ, அங்கே வளையத்தை நகர்த்துவான். இறுதியிலேயே நூலாற் சுற்றிக் கட்டிப் பூச்சிடுவான். அட்டவணை தொடக்கம், கோலே தீர்ப்பு.

ஏட்டறிவும் கையறிவும் இவ்வாறு கைகோக்கும் தொழில்கள் எத்தனையோ உள. அவற்றின் வரலாறும் நுட்பமும் தமிழ் உரைநடையில் எழுதப்படல் வேண்டும். எழுதப்படாத தொழிலுக்குரிய சொற்கள் அடுத்த தலைமுறையின் நாவில் நில்லா. தூண்டிலைச் செய்யுளுக்கு உரிய பொருளாகக் கண்ட மொழிக்கு, அதன் வளையத்தைக் கட்டுரைக்கு உரிய பொருளாகக் காண்பது அரிதன்று. மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.