ஓடுகள் பேசுகின்றன

நாட்டு வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது என்ன? எந்த மன்னன் எந்த மன்னனை வென்றான், எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் விட்டான் என்பதுதானே! அதை மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் பணி இன்று நமக்கும் வாய்த்திருக்கிறது. அந்த மன்னன் உண்ட சோறு எந்தக் கலத்தில் வெந்தது, அதை வனைந்த கை எவருடையது என்று பாடநூல் கேட்பதில்லை. செப்பேடு சொல்லாமல் விட்டதை உடைந்த பானையின் ஓடு சொல்லுகிறது.

நம் கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணி மலைக்கும் கிழக்கே, ஒரு நாள் நடைத் தொலைவில், கொசத்தலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அத்துணைத் தொன்மை வாய்ந்த அந்த மக்களிடம் ஒரு சட்டி இல்லை! காடு மேடு அலைந்தவனுக்கு உடையும் பாண்டம் வீண் சுமை. சீனத்துக் குகையொன்றில் வேட்டை மக்களே 20,000 ஆண்டுகளுக்கு முன் பானை செய்தனர் என்பது உண்மை. ஆயினும் நம் தென்னாட்டில், ஆடுமாடு பேணிப் பயிர் வளர்த்து ஓரிடத்தில் தங்கிய புதிய கற்கால மக்களோடுதான் பானை வருகிறது.

திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அந்தத் தொடக்கம் வெளிப்பட்டது. அடி அடுக்கில், கையால் வனைந்து தேய்த்து மெருகேற்றிய சாம்பல் நிறக் கலங்கள். அதற்கு மேல் அடுக்கில் இரும்பு வருகிறது. இரும்போடு கருப்பு சிவப்புக் கலங்களும் வருகின்றன.

இந்தக் கருப்பு சிவப்பு, சாயம் பூசிய வேலையன்று. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுவர். உள்ளே தழையோ உமியோ கிடக்கும். உட்புறத்துக்குக் காற்று எட்டாமையால் கரி படிந்து அது கருக்கும். வெளிப்புறம் காற்றுப் பட்டு வேக, மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவக்கும். இப்படித்தான் செய்திருப்பர் என்று ஆய்வாளர் விளக்குகின்றனர். ஒரே சூளை, ஒரே நெருப்பு, இரண்டு நிறம்! கீழடியில் கிடைத்த ஓடுகளின் கரிய உட்பூச்சில் மிக நுண்ணிய கரிக்குழல்கள் இருப்பதை 2020-இல் வேலூர் ஆய்வாளர்கள் உலகுக்குக் காட்டினர். ஏட்டுக் கல்வி இல்லாதவன் என்று எவனை இகழ்ந்தோமோ அவன் கை நெருப்பின் நுட்பத்தை அறிந்திருந்தது.

பானை அடுப்போடு நின்றுவிடவில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய இடமெல்லாம் தாழிகள். இறந்தோர் எலும்பும், இரும்புக் கருவிகளும், சிறு கலங்களும் அவற்றுள் கிடந்தன. அதே பொருநைக் கரைப் பகுதியில் சிவகளைத் தாழியில் இருந்த நெல், கி.மு. 1155 அளவினது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. உண்பதற்கும் பானை, உயிர் போனபின் உறங்குவதற்கும் பானை!

ஆகவேதான் சங்கப் புலவர் குயவரை மதித்தனர். வேட்கோ என்றனர் அவரை. கோ என்னும் சொல்லுக்கு அரசன் என்றும் குயவன் என்றும் பொருள் உண்டு. புறநானூற்றின் 228-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது, அவன் பெருமைக்கு ஏற்ற தாழியை உன்னால் வனைய முடியுமோ என்று ஐயூர் முடவனார் குயவரைக் கேட்கிறார். 256-ஆம் பாட்டிலோ ஒரு பெண் பேசுகிறாள்: தாழியை அகலமாகச் செய்க, என்னையும் சேர்த்து மூட வேண்டும் என்கிறாள். இதைக் காதலின் உயர்வு என்று உரை சொல்வோர் சொல்லட்டும். கணவனுக்குப் பின் பெண்ணுக்கு வாழ்வே இல்லை என்று வைத்த சமுதாயத்தின் குரலும் அதில் நமக்குக் கேட்கிறது. கோ என்று அழைக்கப்பட்டவர் வழிவந்தோரைப் பிற்காலச் சாதி ஏணி எங்கே நிறுத்தியது என்பதையும் நாம் அறிவோம். அவர் வனைந்த பானையில் சோறு வேண்டும். அவரோடு பந்தியில் அமரக் கூடாது!

இனி எழுத்துக்கு வருவோம். கொடுமணலில் 1985 முதலும், கீழடியில் 2014 முதலும் நடந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. கொடுமணலில் மட்டும் நூற்றுக்கணக்கில். ஆதன், குவிரன் என்று பெயர்கள். கீழடியின் ஓர் அடுக்கு கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2019-இல் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தக் காலக் கணக்கில் அறிஞரிடையே வாதம் நடக்கிறது, நடக்கட்டும். நம் நெஞ்சைத் தொடுவது வேறு. கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. சுட்ட பானையின் மேல் கூரிய முனையால் கீறியவை பல. பானையை வாங்கியவரே, இது என்னுடையது என்று தம் பெயரைத் தாமே கீறிக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும். எழுத்து சிலருக்கே உரியது, மற்றவர் காதில் விழவும் தகாது என்று பின்னாளில் விதி செய்தார்களே, அவர்கள் இந்த ஓடுகளைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பர்?

கடல் கடந்த மாயர் நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களும் மட்கலத்தில் எழுதினர். சக்கரம் இன்றிக் கையாலேயே வனைந்து, வண்ணம் தீட்டி, இது இன்னார் கொக்கோ பருகும் கலம் என்று விளிம்பில் அழகாக எழுதினர். குவாத்தமாலாவின் இரியோ அசுல் கல்லறைக் கலத்தில் எழுத்தும் கொக்கோ என்றது, உள்ளே ஒட்டியிருந்த படிவும் கொக்கோ என்றே காட்டிற்று. ஆனால் அக்கலங்களில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் அரசரும் பெருங்குடியினரும். எழுதியவர் அரண்மனைக் கலைஞர். நம் ஓடுகளிலோ பட்டம் இல்லை, விருது இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. வெறும் ஆதன்!

அந்த எழுத்து நம் கரையோடும் நிற்கவில்லை. எகிப்தில் செங்கடற்கரைத் துறையான குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அங்கேயே கிடைத்த இன்னொரு கல ஓட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே சொற்கள் இருமுறை கீறப்பட்டிருந்தன. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார். பேரரசன் பெயரும் அன்று, தெய்வத்தின் பெயரும் அன்று: பானை ஒறி, அதாவது பானை உறி. கூரையில் கட்டித் தொங்கவிட்டு நம் வீட்டுப் பெண்கள் மோர்ப்பானையை வைப்பார்களே, அதே உறி!