சொற்பொழிவு அறமும் நமது கடமையும்

அன்னசாலை அமைத்தலும் தண்ணீர்ப்பந்தல் வைத்தலும் நம் முன்னோர் போற்றிவந்த அறங்களாம். அவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மற்றோர் அறமும் உண்டு. கற்றறிந்தார் ஒருவர் பல்லாண்டு முயன்று தேர்ந்த பொருளைச் சில நாட்களில் அவையோர்க்கு எடுத்துரைக்கவும், அவ்வுரை பின்னர் நூலாக வெளிவரவும் பொருள் வைத்துச் செல்லுதலே அது. இதனை அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பர். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, வல்லம் வடகாலைச் சூழ்ந்த நம் வட்டாரத்தார்க்கு அதனால் ஏற்படும் கடமை யாதென்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் தோன்றியது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும் சபையாகவே இருந்தது. கற்பிக்கும் வேலை கல்லூரிகளுக்கே உரியதாயிற்று. சர்வகலாசாலைகள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் இடங்கொடுத்தது 1904ஆம் ஆண்டுச் சட்டமாகும். அவ்வாண்டிலேயே சர் சு. சுப்பிரமணிய ஐயர் இச்சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. பின்னர் ஆனர்ஸ் வகுப்புக்கள் ஏற்பட்டன. இன்டர்மீடியட் தேறிய மாணாக்கருள் சிறந்தோர் ஒரு பாடத்தையே மூன்றாண்டு ஆழ்ந்து பயில்வர். பாடப்புத்தகத்தோடு அமையாது, மூலச்சான்றுகளைத் தாமே நோக்கி முடிவுகாணும் பயிற்சி அன்னார்க்கு வேண்டியதாயிற்று. ஓர் அறிஞர் சான்றுகளை எவ்வாறு எடைபோடுகின்றார் என்பதை நேரில் காண, சொற்பொழிவினும் சிறந்த வாயில் வேறில்லை.

சுப்பிரமணிய ஐயர் பெயரால் அமைந்த சொற்பொழிவு வரிசையில், 1917ஆம் ஆண்டு தி. அ. கோபிநாத ராயர் ஸ்ரீவைஷ்ணவர் வரலாற்றைப் பற்றிப் பேசினார். திருவிதாங்கூர்த் தொல்பொருள் ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய அப்பெரியார், குருபரம்பரை நூல்கள் கூறுவனவற்றைக் கல்வெட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டு, ஆழ்வார்கள், ஆசாரியர்கள் ஆகியோர் காலத்தை ஆராய்ந்தார். 1919இல் அவர் காலமானார். எனினும் அவ்வுரை அழிந்திலது. 1923இல் சர்வகலாசாலை அதனை நூலாக வெளியிட்டது. உரைத்தவர் மறைந்தும் உரை நிலைத்தமைக்கு, பேச்சோடு அச்சும் இவ்வறத்தின் பகுதியாய் இருந்தமையே காரணம்.

ஆயினும் நம் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. அவ்வாராய்ச்சியின் நடுநாயகருள் ஒருவராகிய இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்பூதூர் வல்லம் வடகாலுக்கு அணித்தே உள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏர்பிடித்தோருள் எத்துணைப் பேர் அவ்வாங்கில உரையை அறிந்திருத்தல் கூடும்? தம் மண்ணின் வரலாறு நகரத்தில் அயல்மொழியில் பேசப்பட, அம்மண்ணினர் அதனை அறியாதே வாழ்ந்தனர். திருக்கோட்டியூர்க் கோயிலின் மீதேறி, மறைத்துவைத்த பொருளை யாவரும் கேட்கக் கூறியவர் இராமாநுசர் என்பது வழிவழி வந்த செய்தி. அன்னாரைப் பற்றிய ஆராய்ச்சியே சிலர்க்குள் அடங்கிநின்றது வியப்பன்றோ?

பிறநாட்டிலும் இக்குறையை உணர்ந்தோர் இருந்தனர். ஸ்காத்லாந்து தேசத்து நீதிபதி கிப்போர்ட் பிரபு, அந்நாட்டின் நான்கு சர்வகலாசாலைகளில் சொற்பொழிவு நிகழ 1885ஆம் ஆண்டில் மரணசாசனம் எழுதினார். மாணாக்கர்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்கும் அவை திறந்திருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1888இல் தொடங்கிய அவ்வரிசை இன்றும் நடைபெறுகின்றது.

நம் நாட்டில் இவ்வழி நின்றவர் ரா. பி. சேதுப்பிள்ளை ஆவர். 1936 முதல் சென்னைச் சர்வகலாசாலையில் தமிழ் கற்பித்த அவர், கல்லூரி வாயிலோடு நில்லாது, நகர மண்டபங்களில் கம்பராமாயணத்தையும் சிலப்பதிகாரத்தையும் வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் விரித்துரைத்தார். அன்றியும், தம் அன்னையார் சொர்ணம்மாள் பெயரால் அச்சர்வகலாசாலையில் சொற்பொழிவு அறக்கட்டளை ஒன்றும் நிறுவினார். பெருநிலக்கிழாரோ வணிகரோ அல்லர். ஆசிரியத் தொழிலால் வாழ்ந்தவர். பெற்றவள் பெயரைக் கல்லிற் பொறியாது கல்வியிற் பொறித்தார். ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து அவர் இயற்றிய ‘ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்தது. அவர் காட்டிய நெறியில் நோக்கின், வடகால் என்பது வடபால் ஓடிய வாய்க்காலை நினைவூட்டும் பெயரெனக் கொள்ளலாம். இன்று அப்பெயர் தொழிற்பேட்டையின் பெயர்ப்பலகையில் விளங்குகின்றது.

அத்தொழிற்பேட்டையை அடுத்து, பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பெற்றது. பல மாவட்டங்களினின்றும் வந்து, பள்ளிப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்த அளவில் குடும்பப் பொறுப்பை ஏற்றவர் இத்தகைய தொழிலாளருட் பலர். கல்லூரியிற் சேர்ந்திருப்பின் சிறப்பு வகுப்பில் முன்னிற்கத்தக்க மதியுடையார் அவருள் இலர் என்று எவர் துணிந்து கூறுவர்? முறைமாற்றி வேலைசெய்து களைத்தவர்க்குச் சொற்பொழிவு எதற்கு எனச் சிலர் வினவலாம். பகலெல்லாம் உழைத்தவர் இரவெல்லாம் விழித்துக் கூத்துக் கண்ட நாடு இது. கேட்போர் விருப்பம் குறைந்ததன்று. அவர்க்கு உகந்த வேளையும் மொழியும் இடமும் அமைப்பாரே குறைந்தனர்.

ஆதலின், அன்பர்காள்! மணமண்டபத்துக்கும் விழாவுக்கும் செலவிடும் பொருளில் ஒரு கூறு இவ்வறத்துக்கு ஆகுக. ஆண்டுக்கொருமுறை அறிஞர் ஒருவரை அழைத்து, வேலைமுறை மாறும் இரு வேளைகளிலும் கேட்கத்தக்கவாறு ஒரே உரையை இருமுறை தமிழில் நிகழ்த்துவித்து, அதனைச் சிறுநூலாக அச்சிட்டு வழங்குதல் நம்மால் இயலாத காரியமன்று. சாதி, ஊர், படிப்பு என்னும் வேறுபாடின்றி வருவோர் யாவரும் அமரலாம் என்பதே அதன் முதல் விதியாகுக. பெயர்கொண்ட வாய்க்காலில் நீர் ஓடினும் ஓடாதொழியினும், வல்லம் வடகாலில் கல்விநீர் ஓடுதல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.